டாலர் ஒரு ரூபாய் இறங்கினால்

நான் விருப்ப ஓய்வு பெற்ற அன்று என் மேசை இழுப்பறைகளில் பத்தொன்பது டைரிகள் இருந்தன. அந்நியச் செலாவணிப் பிரிவில் உட்கார்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒன்று. அவற்றைக் காருக்குத் தூக்கி வந்த இளம் அதிகாரி கார்த்திகா வழியிலேயே ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் நான்கு கட்டங்கள். "முதல் மூணு புரியுது மேடம். நாலாவது கட்டத்துல வெறும் பிளஸ், மைனஸ்தான் இருக்கு. இது எதுக்கு?" என்றாள். வெயிலில் நின்று சொல்லி முடிகிற பதில் இல்லை. கிளையின் ஆண்டு மலருக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியேறினேன்.

இப்போது கிளையில் அந்தப் பிரிவே இல்லை. ஏற்றுமதியாளர் தன் செல்போனில் ரேட்டைப் பார்க்கிறார், விரலால் அழுத்துகிறார், டாலர் விற்றாகிவிடுகிறது. நல்ல வசதிதான், குறை சொல்ல மாட்டேன். எங்கள் காலத்தில் அது எப்படி நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

காலை ஒன்பதே காலுக்கு மும்பையிலுள்ள எங்கள் வங்கியின் டீலிங் அறையிலிருந்து, அதாவது டாலரை வாங்கி விற்கும் இடத்திலிருந்து, போன் வரும். அதில் கிடைப்பதை நான்கு கட்டங்களில் எழுதுவேன். அன்று டாலர் திறந்த விலை, முந்தைய நாள் முடிந்த விலை, மத்திய அரசின் பத்தாண்டுக் கடன்பத்திரம் தரும் வட்டி, நான்காவதாக வெளிநாட்டு முதலீட்டாளர்கள் நம் அரசுக் கடன்பத்திரங்களை முந்தைய நாள் அதிகம் வாங்கினார்களா, விற்றார்களா என்பது. வாங்கியிருந்தால் நீலத்தில் கூட்டல் குறி, விற்றிருந்தால் சிவப்பில் கழித்தல் குறி.

கார்த்திகா கேட்டது இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். மத்திய அரசு தன் செலவுக்குக் கடன் வாங்கிப் பத்திரம், அதாவது பாண்டு, எழுதித் தருகிறது. கடனும் ரூபாயில், வட்டியும் ரூபாயில். அந்தப் பத்திரங்களை வெளிநாட்டு நிதி நிறுவனங்களும் வாங்கலாம். அவர்கள் கையில் இருப்பது டாலர். அதை ரூபாயாக மாற்றினால்தான் பத்திரம் வாங்க முடியும். பலர் ஒரே சமயத்தில் டாலரைக் கொண்டு வந்தால் டாலர் மலியும். பயந்துபோய்ப் பத்திரங்களை விற்றுவிட்டுக் கிளம்பினால், ரூபாயைக் கொடுத்து டாலர் வாங்கிக்கொண்டு போவார்கள். டாலர் ஏறும். ரிசர்வ் வங்கி நடுவில் புகுந்து ஆட்டத்தை மட்டுப்படுத்தும் என்றாலும் திசை இதுதான். எங்கள் கிளை இருக்கும் திருப்பூரோ பனியனை விற்று டாலர் ஈட்டுகிற ஊர். திருப்பூரின் மண்ணரைப் பகுதி எங்கே இருக்கிறது என்று அறியாத ஒருவர் லண்டனில் உட்கார்ந்து இந்தியப் பத்திரம் வாங்கலாம் என்று தீர்மானித்தால், மண்ணரையில் டி-ஷர்ட் தைத்து அனுப்பியவருக்கு வரவு குறையும்.

இதை எங்கள் வாடிக்கையாளர்களிடம் நான் சொல்லிப் பார்த்ததுண்டு. பெருமாநல்லூர் சாலையில் பெரிய கம்பெனி வைத்திருக்கும் துரைசாமி எங்கள் கிளையின் முக்கிய ஏற்றுமதியாளர். என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். "நாம விக்கறது பனியனுங்க அம்மிணி. பாண்டப் பத்தி எனக்கெதுக்குங்க? டாலர் ஏறுமா, ஏறாதா? அத மட்டும் சொல்லுங்க" என்பார்.

பிறகு ஒரு கோடையில், அமெரிக்காவில் வட்டி ஏறப்போகிறது என்ற பேச்சுக்கே வெளிநாட்டார் பல நாடுகளின் பத்திரங்களைச் சேர்த்து விற்றார்கள். என் நான்காவது கட்டம் நாள் தவறாமல் சிவப்பாக இருந்தது. டாலர் ஏறியது. துரைசாமி கிளைக்கு மைசூர்பாகு அனுப்பினார். ஆனால் இரண்டு மாதத்தில் பையர்கள், அதாவது வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள், உங்கள் ரூபாய் மலிந்துவிட்டதே என்று விலையைக் குறைக்கச் சொன்னார்கள். நூல் விலையும் ஏறியது. "நான் குடுத்த மைசூர்பாக வட்டியோட புடுங்கிப்போட்டாங்க அம்மிணி" என்றார். அன்றிலிருந்து வாரம் ஒருமுறையாவது, "உங்க நாலாங் கட்டம் என்னங்க சொல்லுது?" என்று கேட்க ஆரம்பித்தார்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் டைலர் மகள். என் அப்பா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து சிங்கர் மெஷின் மிதித்துப் படிக்கவைத்தார். வங்கித் தேர்வு எழுதினேன். பல்லடம் கிளையில் காசாளர் வேலை, பிறகு விசைத்தறிக் கடன், கோழிப்பண்ணைக் கடன், பிறகு மும்பையில் மூன்று வாரம் அந்நியச் செலாவணி வகுப்பு. மற்றதெல்லாம் கிருஷ்ணமூர்த்தி சாருக்குப் பக்கத்து நாற்காலியில் கற்றது.

அவர் எங்கள் பிரிவின் தலைமை மேலாளர். ரேட் பேசும்போது எழுந்து நின்றுதான் பேசுவார். இடது கையை உயர்த்தினால் பிரிவில் யாரும் ஸ்டேப்ளர்கூட அடிக்கக் கூடாது. பேசி முடித்து, சீட்டில் எழுதி, நேரத்தைக் குறித்த பிறகுதான் கை இறங்கும். 'சுமார்' என்ற சொல் அவருக்கு ஆகாது. "சுமார் ஐம்பதாயிரம் டாலர் இருக்குங்க சார்" என்று யாராவது ஆரம்பித்தால், "சரியாத் தெரிஞ்சதும் கூப்பிடுங்க" என்று போனை வைத்துவிடுவார். கோபித்துக்கொண்டு வைப்பதில்லை, மிகுந்த மரியாதையுடன் வைப்பார். அதனால்தான் யாரும் அவரோடு சண்டைக்கு வந்ததில்லை.

அவர் உண்டாக்கிய ஒரு நடைமுறையை விவரமாகச் சொல்ல வேண்டும். ஊரில் ஃபார்வர்டு என்றோ, டாலர் புக் பண்ணுவது என்றோ சொல்வது, சில மாதம் கழித்து வரவேண்டிய டாலரை இன்றைக்கே ஒரு விலை பேசி வங்கிக்கு விற்றுவைப்பது. அதன் பின் சந்தையில் டாலர் ஏறினாலும் இறங்கினாலும் இவருக்குப் பேசிய விலைதான். போனில் புக் பண்ணும்போது வாடிக்கையாளர் எந்த நாணயம், எவ்வளவு, எந்தத் தேதிக்கு என்று மூன்றையும் தானே சொல்ல வேண்டும். நாங்கள் ரேட் சொல்வோம். அவர் அந்த ரேட்டைத் திருப்பிச் சொல்லி, "புக் பண்ணுங்க" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். "சரிங்க", "ஆகட்டுங்க", "நீங்க பாத்துப் பண்ணுங்க" எதுவும் செல்லாது. அதற்கும் மேல் சார் ஒரு கேள்வி கேட்பார். "யாராவது உங்களைப் பண்ணச் சொன்னாங்களா?" எங்கள் ஆட்கள் யாரும் டாலர் ஏறும், இறங்கும் என்று வாடிக்கையாளரிடம் ஆரூடம் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவர் அவ்வளவு கண்டிப்பு. "அது தெரிஞ்சா நான் எதுக்கும்மா சம்பளத்துக்கு உக்காந்திருக்கேன்" என்பார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், உலக முதலீட்டாளர்கள் பின்பற்றும் ஒரு பட்டியலில் இந்திய அரசுப் பத்திரங்களையும் சேர்க்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. சேர்த்தால் அந்தப் பட்டியலைப் பார்த்து முதலீடு செய்கிறவர்கள் எல்லோரும் நம் பத்திரங்களை வாங்க வேண்டியிருக்கும். என் நான்காவது கட்டம் நீலத்துக்கு மாறியது. ஊரிலோ, டாலர் என்றைக்கும் ஏறத்தான் செய்யும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அந்த நாட்களில்தான் செல்வி எங்கள் கிளைக்கு வந்தார். தெற்கத்திப் பெண். வயது நாற்பதுக்குள். துரைசாமியின் கம்பெனியில் செக்கிங் மேசையில் ஆரம்பித்து சூப்பர்வைசரானவர். பிறகு மண்ணரையில் முப்பது மெஷின் போட்டு, துரைசாமிக்கே தையல் மட்டும் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்தார். இப்போது அதையும் விட்டுவிட்டு, வெளிநாட்டுப் பையரிடமிருந்து நேராக முதல் ஆர்டர் வாங்கியிருந்தார். இருபதாயிரம் டி-ஷர்ட், ஒன்று மூன்று டாலர். மொத்தம் அறுபதாயிரம் டாலர், மூன்று மாதம் கழித்து வரும். "மூணு மாசம் கழிச்சு வாங்க, உங்க ஜாப் ஒர்க்க நான் யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கறேன்" என்று துரைசாமி சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தாராம். இந்த ஆர்டரில் கையைச் சுட்டுக்கொண்டால் செல்வி அங்கேதான் திரும்பிப் போக வேண்டும். சிரிப்பில் அதுவும் இருந்தது.

செல்வி அந்த அறுபதாயிரம் டாலரை புக் பண்ணவில்லை. இரண்டு வாரத்தில் நான்கு முறை கிளைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்டார். டைரியில் நான்கும் பதிவாகியிருக்கின்றன.

"டாலர் எறங்குமாக்கா?"

"அத நாங்க சொல்லக்கூடாதும்மா."

"ஏறுமா?"

"அதையும் சொல்லக்கூடாது."

"துரைசாமி அண்ணன் ஏறும்ங்காரு. யூனிட்ல எல்லாரும் ஏறும்ங்காக. நீங்க ஒண்ணுமே சொல்லாம இருக்கீக. அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

இந்த நிலையில் ஒரு திங்கட்கிழமை மும்பையிலிருந்து தகவல் வந்தது. இந்திய அரசுப் பத்திரங்களை வைத்திருக்கும் ஒரு லண்டன் நிதி நிறுவனத்திலிருந்து ஒரு பெண்மணி புதன்கிழமை திருப்பூர் வருகிறார். இரண்டு ஏற்றுமதியாளர்களைப் பார்க்க வேண்டும், ஒருவர் பெரியவர், ஒருவர் சிறியவர். கூடவே போய் மொழிபெயர்க்க வேண்டும். பெரியவருக்கு துரைசாமி, சிறியவருக்கு செல்வி என்று நான் எழுதிக் கொடுத்தேன். கிருஷ்ணமூர்த்தி சார் என்னைக் கூப்பிட்டு மூன்று கட்டளைகள் சொன்னார். "வாடிக்கையாளர் கணக்கைப் பத்தி அந்தம்மாகிட்ட பேசக்கூடாது. டாலர் ஏறும் இறங்கும்னு யார்கிட்டயும் பேசக்கூடாது. சாப்பிட்டா பில் வாங்கணும்."

வந்தவரை ஹெலன் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வயதுதான் இருக்கும். கையில் தடித்த நோட்டு. பக்கங்களுக்கு அவரே எண் போட்டிருந்தார். பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. காரில் தன் வேலையைச் சொன்னார். "ஏழு நாடுகளின் அரசுப் பத்திரங்கள் என் பொறுப்பு. ஒவ்வொரு நாட்டிலும் வெளியே சரக்கு விற்கிற ஊர் ஒன்றுக்குப் போவேன். உங்கள் ரூபாயின் இன்றைய விலையை இந்த ஊர் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தாங்காது என்றால் ரூபாய் என்றாவது இறங்கியே தீரும். அப்போது என் பத்திரங்கள் எங்கள் பணத்தில் மதிப்பிழக்கும். அதற்கு முன்னால் நான் விற்றாக வேண்டும்."

துரைசாமியிடம் முன்தினமே போனில் விளக்கியிருந்தேன். இவர்கள் துணி வாங்குகிறவர்கள் இல்லை, நம் அரசுப் பத்திரம் வாங்குகிறவர்கள் என்றும் சொன்னேன். அவர் "ஆகட்டுங்க" என்றார். தன் மேனேஜரிடம் என்ன சொன்னார் என்பது பிறகுதான் தெரிந்தது. "நாளைக்குக் காலைல ஃபாரின்ல இருந்து ஒரு அம்மா வர்றாங்க." அவ்வளவுதான்.

திருப்பூரில் இதைக் கேட்ட மேனேஜருக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. லாபம் தெரிந்தால் பையர் விலையைக் குறைப்பார் என்பதால், அவர் வருகிற நாளுக்கென்று ஒரு முறை உண்டு, எல்லோருக்கும் பாடம். மற்ற பையர்களின் அட்டைப் பெட்டிகள் தார்ப்பாய்க்குள் போய்விட்டன. முதலாளியின் புதிய கார் பின்பக்கம் போய்ப் பழைய வேன் வாசலுக்கு வந்துவிட்டது. ஆபீஸ் ஏசி நின்று ஃபேன் சுற்றியது. துரைசாமியும் உள்ளே நுழைந்த வெள்ளைக்காரப் பெண்மணியைப் பார்த்தார், முப்பது வருடப் பழக்கம் வாயைத் திறந்துகொண்டது.

"லாபம்னு ஒண்ணும் இல்லீங்க. மூணு வருசமா நட்டம். நூல் ஏறிப்போச்சு, கூலி ஏறிப்போச்சு. இந்த டாலர் ரேட்டுல தொழில் பண்ணவே முடியாதுங்க. என்னய நம்பி இருக்கற சனத்துக்காக நடத்திட்டு இருக்கறேன்."

நான் மொழிபெயர்த்தேன். ஹெலன் அப்படியே எழுதினார். பிறகு ஜன்னல் வழியே மேலே கைகாட்டினார். "மூன்று வருட நஷ்டம் என்றால், அந்த மூன்றாவது மாடியைக் கட்டுவது யார்?"

துரைசாமி கொஞ்சமும் தயங்கவில்லை. என்னைக் காட்டி, "இவுங்க பேங்குங்க" என்றார்.

ஹெலன் நோட்டின் பதினான்காம் பக்கத்தை எழுதி நிரப்பி, அடியில் கோடு போட்டார். என் பக்கம் திரும்பி, "இவர் சொல்வது உண்மையானால் நாங்கள் விற்க வேண்டியதுதான். உண்மையா?" என்று மெதுவாகக் கேட்டார். துரைசாமியின் கணக்கு எனக்குத் தெரியும். சொல்லக் கூடாது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். அன்று பிரதோஷம்.

ஹெலன் கை கழுவப் போன நேரத்தில் துரைசாமியிடம் சொன்னேன். "அண்ணா, அவங்க பையர் இல்ல. நேத்தே சொன்னேனே. நம்ம கவர்மெண்டுக்குக் கடன் குடுக்கறவங்க."

"கடன் குடுக்கறவங்களா?" துரைசாமி எழுந்துவிட்டார். "ஏனுங்க அம்மிணி, கடன் குடுக்கறவங்ககிட்டயாங்க நான் நட்டம்னு சொல்லிப்போட்டேன்? பேங்குக்காரங்ககிட்ட என்னைக்காவது நான் அப்பிடிச் சொல்லியிருக்கறனுங்களா?"

இல்லைதான். எங்களிடம் அவர் ஒருநாளும் நஷ்டம் என்று சொன்னதில்லை. பையருக்கு ஒரு பேச்சு, பேங்குக்கு ஒரு பேச்சு. இரண்டும் அவருக்கு மனப்பாடம், எதை எடுப்பது என்பதில்தான் அன்று பிசகிவிட்டது.

சாப்பாடு அவர் வீட்டில். பில் கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. அவர் மனைவி ஹெலனுக்கு மூன்றாவது முறை கறி வைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது கம்பெனியின் முகமே மாறியிருந்தது. தார்ப்பாய் போன இடம் தெரியவில்லை. பெட்டிகள் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன. புதிய கார் வாசலில் நின்றது. ஏசி குளிரில் மேனேஜர் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர்டர் தாங்க முடியலீங்க" என்று துரைசாமி ஆரம்பித்தார். "ஆளுதான் பத்தல. டாலர் எப்பிடி இருந்தாலும் நாங்க சமாளிச்சுப்போமுங்க. மூணாவது மாடி முடிஞ்சதும் நாலாவது போடறமுங்க. கவர்மெண்டுக்கு நீங்க தாராளமாக் கடன் குடுக்கலாமுங்க."

ஹெலன் பதினைந்தாம் பக்கத்தில் அதையும் எழுதினார். பதினான்கையும் பதினைந்தையும் ஒருமுறை பார்த்தார். "காலையில் மூன்று வருட நஷ்டம். இப்போது நான்காவது மாடி. இடையில் என்ன நடந்தது?"

நான் மொழிபெயர்த்தேன்.

"எடைல சாப்பிட்டமுங்க" என்றார் துரைசாமி.

காரில் ஏறிய பிறகு ஹெலன் வெகுநேரம் சிரித்தார். பிரேசிலில் செருப்பு தைக்கும் ஊர் ஒன்றுக்குப் போனாராம். அங்கேயும் மூன்று வருட நஷ்டம், அங்கேயும் மாடி கட்டினார்களாம். "ஆனால் மதியத்துக்குள் லாபம் வந்தது இங்கேதான்" என்றார். சிரிப்பு அடங்கியதும், "ஒருவராவது எனக்கு ஓர் உண்மையான எண்ணைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெறும் நோட்டோடு திரும்புவேன்" என்றார்.

மண்ணரையில் செல்வியின் யூனிட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு நாற்பது. குறுகிய சந்து, ஓட்டுக் கட்டடம். செல்வி வாசலில் என்னைத் தனியாக இழுத்தார்.

"என்னத்தக்கா சொல்லணும்? துரைசாமி அண்ணன் போன் போட்டு, அவுக கடன் குடுக்கறவுக, லாபம்னு சொல்லுன்னாரு. அப்பறம் திரும்பப் போட்டு, எதுக்கும் கொஞ்சம் நட்டமும் சொல்லி வைன்னாரு."

"கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா" என்றேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. செல்வி கட்டிங் மேசையைத் துடைத்து நாற்காலி போட்டார். ஹெலன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "டாலர் ஒரு ரூபாய் இறங்கினால் உங்களுக்கு ஒரு டி-ஷர்ட்டில் என்ன ஆகும்?"

நான் மொழிபெயர்த்தேன். செல்வி என்னைப் பார்த்தார்.

"அப்பிடி நான் போட்டுப் பாக்கலியேக்கா."

மேசை இழுப்பறையிலிருந்து விலைக் கணக்குத் தாளை எடுத்தார். நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பட்டன், பெட்டி, துறைமுகம் வரை லாரி வாடகை என்று ஒவ்வொரு வரியும் பைசா சுத்தமாக இருந்தது. அடியில் ஒரு டி-ஷர்ட்டுக்கு லாபம் ஆறு ரூபாய். எல்லாம் ஆர்டர் எடுத்த அன்றைய டாலர் விலையில் போட்டது. ஹெலன் படம் எடுக்க செல்போனைத் தூக்கியதும் தாளைக் கவிழ்த்துவிட்டார். "பாக்கட்டும்க்கா. படம் எடுக்கக்கூடாதுன்னு சொல்லுங்க." ஹெலன் மன்னிப்புக் கேட்டுப் போனைப் பைக்குள் போட்டார்.

செல்வி காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் எழுத ஆரம்பித்தார்.

"ஒரு பீஸு மூணு டாலர். டாலருக்கு ஒரு ரூவா கொறஞ்சா பீஸுக்கு மூணு ரூவா போச்சு. பாதி லாபம் போச்சு." பென்சில் நின்றது. "ரெண்டு ரூவா கொறஞ்சா ஆறும் போச்சு. சும்மா தச்சு அனுப்புனதாகும்." அடுத்த வரியை எழுதுமுன் ஒருமுறை மெஷின்களின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "மூணு ரூவா கொறஞ்சா பீஸுக்கு மூணு ரூவா கைநட்டம். இருபதாயிரம் பீஸு. அறுபதாயிரம். அது இவுகளுக்குக் குடுக்கற சனிக்கெழமச் சம்பளத்துல கை வைக்கும்."

நான் ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். ஹெலன் எழுதினார். முதல்முறையாக அடியில் கோடு போடாமல் ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். "இரண்டு ரூபாய். அதுவரை இந்த அம்மாள் நிற்பார். நான் தேடி வந்தது இதைத்தான்."

"அவுக வாங்கப் போறாகளா, விக்கப் போறாகளான்னு கேளுங்கக்கா" என்றார் செல்வி.

கேட்டேன். ஹெலன் இரண்டு கைகளையும் விரித்தார். "அதை நான் சொல்லக் கூடாது. என் வேலை போய்விடும்."

"இவுகளும் உங்கள மாதிரிதானாக்கா" என்றார் செல்வி.

எனக்குச் சுருக்கென்றது. செல்வி நான்கு முறை என் எதிரில் உட்கார்ந்து டாலர் இறங்குமா என்று கேட்டார். நான்கு முறையும் சொல்லக் கூடாது என்று திருப்பி அனுப்பினேன். அந்த விதி சரியானது, இன்றைக்கும் அதையே சொல்வேன். ஆனால் இறங்கினால் உங்களுக்கு என்ன ஆகும் என்று நான் திருப்பிக் கேட்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. பதினாறு வருடமாகக் கூட்டலும் கழித்தலும் எழுதியிருக்கிறேன். எதிரில் உட்கார்ந்த ஒருவரிடமும் இதைக் கேட்டதில்லை. லண்டனிலிருந்து ஒருவர் தன் சொந்தக் காரியத்துக்காக வந்து கேட்டுவிட்டுப் போகிறார்.

செல்வி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏறுனா எம்புட்டுக் கெடைக்கும்னுதான் எல்லாரும் சொன்னாக" என்றார். பிறகு, "டாலர இன்னிக்கே புக் பண்ணிரலாமாக்கா?"

"பண்ணலாம், பண்ண வேண்டாம், ரெண்டையும் நான் சொல்லக்கூடாது. மூணரைக்கு மும்பை டீலிங் ரூமை மூடிருவாங்க. அத மட்டும் சொல்லலாம்."

மணி மூன்று பத்து. செல்வி தன் செல்போனில் கிளைக்குக் கூப்பிட்டார். மெஷின் சத்தத்தில் கேட்காது என்று சந்துக்கு வந்து நின்றார். நானும் ஹெலனும் பின்னால் நின்றோம். போனை எடுத்தது கிருஷ்ணமூர்த்தி சார். ஸ்பீக்கரில் கேட்டது.

"டாலர் புக் பண்ணணும் சார். அறுபதாயிரம் டாலர்."

"சரியா அறுபதாயிரமா?"

"சரியா அறுபதாயிரம் சார்."

தேதி சொன்னார். சார் காத்திருக்கச் சொன்னார். அதற்குள் சந்துக்குள் ஒரு குட்டியானை வண்டி துணி மூட்டைகளோடு நுழைந்து ஹாரன் அடித்தது. செல்வி போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டுநரைப் பார்த்து, "அண்ணே, ரெண்டு நிமிசம், மூணு மாசத்துச் சோறு பேசிட்டிருக்கேன்" என்றார். அவர் இன்ஜினையே நிறுத்திவிட்டார்.

சார் ரேட் சொன்னார். செல்வி அதைப் பைசா பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

"யாராவது உங்களைப் பண்ணச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல சார். இந்தம்மா ஒரு கேள்வி கேட்டாக. நான் கணக்குப் போட்டேன். புக் பண்ணுங்க."

மணி மூன்று இருபத்திரண்டு. டைரியில் அந்தப் பக்கத்தில் அதை மட்டும் இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

ஹெலன் அன்று மாலையே கோவை விமான நிலையத்துக்குப் போய்விட்டார். அவருடைய நிறுவனம் வாங்கியதா விற்றதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் காலையில் என் கட்டத்தில் நீலக் கூட்டல் குறிதான். அதில் அவருடையதும் இருந்ததா என்று யார் கண்டது. கிருஷ்ணமூர்த்தி சார் என் அறிக்கையைப் படித்துவிட்டு, "சாப்பாட்டு பில் எங்கே?" என்று மட்டும் கேட்டார். வீட்டுச் சாப்பாடு என்றேன். "அப்ப எழுதுங்க, வீட்டுச் சாப்பாடு, பில் இல்லை" என்றார். எழுதினேன்.

அந்த வாரத்திலிருந்து என் எதிரில் உட்கார்ந்து, ஏறுமா இறங்குமா என்று கேட்ட ஒவ்வொருவரிடமும், ஒரு ரூபாய் இறங்கினால் உங்களுக்கு ஒரு பீஸில் என்ன ஆகும் என்று கேட்டேன். பாதிப் பேர் அப்போதே காகிதம் கேட்டார்கள். துரைசாமி மட்டும், "நீங்க பையராட்டக் கேக்கறீங்களா, பேங்காட்டக் கேக்கறீங்களா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார்.

செல்வியின் விஷயத்துக்கு வருகிறேன். புக் பண்ணிய இரண்டாவது வாரம் டாலர் முப்பது பைசா ஏறியது. துரைசாமி செல்விக்குப் போன் போட்டுத் துக்கம் விசாரித்தார். பிறகு நாற்பது பைசா இறங்கியது. அப்போது போன் வரவில்லை. பட்டியல் செய்தி பழசாகி வேறு செய்திகள் வந்தன. ரிசர்வ் வங்கி தன் வேலையைச் செய்தது. மூன்று மாதமும் இப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. சரக்கு போய்ச் சேர்ந்து, சொன்ன தேதியில் அறுபதாயிரம் டாலரும் வந்தது. அன்று செல்வி கிளைக்கு வந்தார். சந்தையில் அன்றைய விலை, அவர் புக் பண்ணிய விலையைவிடப் பன்னிரண்டு பைசா அதிகம். மறைக்கிற வழக்கம் எனக்கு இல்லை. "புக் பண்ணாம இருந்திருந்தா ஏழாயிரத்து இருநூறு ரூபா கூடக் கிடைச்சிருக்கும்மா" என்றேன்.

செல்வி மேசையில் விரலால் ஏதோ போட்டுப் பார்த்தார். எனக்கு உள்ளூர ஒரு பயம். முதல் ஆர்டர், முதல் ஃபார்வர்டு, அதில் இப்படி.

"ஏழாயிரத்து இருநூறு எங்க யூனிட்டுக்கு நாலு நாள் டீயும் வடையும்க்கா" என்றார். "துரைசாமி அண்ணன் டாலரப் பாத்துட்டுத்தான் பல்லே வெளக்குறாராம், அவுக வீட்டுல சொன்னாக. நான் மூணு மாசமும் நல்லாத் தூங்குனேன். நாலு நாள் டீக்கு மூணு மாசத் தூக்கம் சீப்புதான்." பையிலிருந்து ஒரு புதிய தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். விலைக் கணக்கு. ஓரத்தில் பென்சிலில், ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்று ஏற்கெனவே போட்டிருந்தது. "அடுத்தது முப்பதாயிரம் பீஸுக்கா. ஆனா பையர் யூரோவுல தாரேங்கான். யூரோவையும் இப்பிடிப் புக் பண்ணலாமா, இல்ல அதையும் நீங்க சொல்லக்கூடாதா?"